இடுப்பு மூட்டு மாற்றிய பின்: எந்தத் தொல்லைக்கு என்ன செய்வது?

தையல் ஆறிவிட்டது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. "இனி தாராளமாக நடக்கலாம்" என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் எழுந்து நடந்தால் உடல் ஒரு பக்கம் சாய்கிறது, சாயங்காலமானால் கால் வீங்குகிறது, அறுவை செய்த பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதென்றால் இதெல்லாம் ஏன்? இயன்முறை சிகிச்சை அளிக்கும் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான்.

மூட்டுதான் புதிது, அதைச் சுற்றியுள்ள தசைகள் பழையவை. தேய்ந்த மூட்டோடு வலிக்குப் பயந்து பயந்து நடந்த ஆண்டுகளில் பிட்டத் தசைகள் மெலிந்துபோயிருக்கும், தொடையின் முன்பக்கம் இறுகிப்போயிருக்கும், காலை இழுத்துப் போடும் பழக்கம் மூளையில் ஊறிப்போயிருக்கும். ஓரிரண்டு மணி நேர அறுவைசிகிச்சை எலும்பை மாற்றித் தரும். தசையையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் முளைப்பவைதான். ஆனால் எல்லாமே அப்படியல்ல. சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, மூட்டுக்குள் எந்தப் பக்கமாக நுழைந்து அறுவை செய்தார்கள் என்று பாருங்கள். பின்புறமா, பக்கவாட்டிலா, முன்புறமா என்பது அதில் இருக்கும். எந்த அசைவைத் தவிர்க்க வேண்டும், எந்தத் தசை காயப்பட்டிருக்கும், எங்கே மரத்துப்போகும் என்பதெல்லாம் பெரும்பாலும் அதைப் பொறுத்தவை. இங்கே சொல்வது முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கானது. எலும்பு முறிந்து ஆணியோ தகடோ பொருத்தப்பட்டவர்கள், காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பதில் தங்கள் அறுவை மருத்துவர் சொன்னதையே பின்பற்ற வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

கெண்டைக்கால் வலிக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, ஒரு காலில் மட்டும் வீக்கம் திடீரென்று கூடுகிறது. இது ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் செய்ய வேண்டும். அதுவரை காலைப் பிடித்துவிடவோ தைலம் போட்டுத் தேய்க்கவோ கூடாது. அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம் ஆகியவை வரும். அப்போது ஆம்புலன்ஸ்தான், வேறு யோசனை வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைப் பல மருத்துவர்கள் 35 நாள் வரை தருவது இதனால்தான். "நன்றாகத்தானே நடக்கிறேன்" என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

குனிந்தபோதோ திரும்பியபோதோ மூட்டில் ஏதோ நழுவிய உணர்வு, உடனே தாங்க முடியாத வலி, கால் குட்டையாகி உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ திரும்பி நிற்கிறது, ஊன்றவே முடியவில்லை. மூட்டு விலகியிருக்கிறது. யாரும் காலை இழுத்துச் சரிசெய்ய முயலக் கூடாது. மூட்டைத் திரும்ப உள்ளே பொருத்த மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் எதையும் சாப்பிடாமல், குடிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கீழே விழுந்த பிறகு ஊன்ற முடியாமல் போனாலும் இதே வேகத்தில் போக வேண்டும். தொடையெலும்புக்குள் பொருத்திய உலோகத் தண்டைச் சுற்றி எலும்பு முறிந்திருக்கலாம்.

குறைந்துகொண்டே வந்த வலி திரும்பக் கூடுகிறது, ஓய்விலும் இரவிலும் விடுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறது, ஒரு வாரத்துக்குப் பிறகும் கசிவு நிற்கவில்லை, காய்ச்சல் இருக்கிறது. தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாகவே போட்டுக்கொள்ளாதீர்கள். மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கும் முன்பே மருந்து உள்ளே போய்விட்டால், எந்தக் கிருமி என்பதே பரிசோதனையில் தெரியாமல் போகலாம். பிறகு சிகிச்சை பல மடங்கு சிக்கலாகும்.

பாதத்தை மேல்நோக்கி மடக்க முடியவில்லை, நடந்தால் விரல் நுனி தரையில் தட்டுகிறது என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இதையும் அன்றே சொல்லுங்கள்.

சாயங்காலமானால் கால் வீங்குகிறது

காலையில் எழும்போது வடிந்திருக்கிறதா? ஆம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. அறுவையில் நிணநீர்ப் பாதைகள் பாதிக்கப்படுகின்றன, தசைகளும் முன்போல ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை. நின்றும் உட்கார்ந்தும் கழித்த பகலின் கணக்கு மாலையில் கணுக்காலில் தெரிகிறது. மூன்று மாதம் வரைகூட இது நீடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும்.

நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவது போதாது. மல்லாந்து படுத்து, கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகளை அடுக்கி, பிற்பகலில் அரை மணி நேரம் இருங்கள். அப்போது கணுக்காலை மேலும் கீழுமாக நிதானமாக அசைத்துக்கொண்டிருங்கள். ஒரே இருப்பில் 40 நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். காலையிலும் வடியாத வீக்கம், நாளுக்கு நாள் மேலேறும் வீக்கம் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடக்கும்போது உடல் ஒரு பக்கம் சாய்கிறது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வலி போய்விட்ட மகிழ்ச்சியில் பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓராண்டு கழித்து முதுகுவலியோடும் எதிர்ப்பக்க முழங்கால் வலியோடும் வருகிறார்கள்.

முதலில் சோதித்துப் பாருங்கள். ஆளுயரக் கண்ணாடி முன் நில்லுங்கள். இரண்டு கட்டை விரல்களையும் இடுப்பெலும்பின் முன் முனைகளில் வையுங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள மேசையோ சுவரோ இருக்கட்டும். அறுவை செய்த காலில் நின்று மற்றக் காலை மெல்லத் தூக்குங்கள். தூக்கிய பக்கத்துக் கட்டை விரல் கீழே இறங்குகிறதா? அல்லது இறங்காமல் இருப்பதற்காக உங்கள் தோள் முழுவதும் ஊன்றிய காலின் பக்கம் சரிகிறதா? இரண்டில் எது நடந்தாலும் காரணம் ஒன்றே: இடுப்பின் வெளிப்பக்கத்தில் இருக்கும் நடுப் பிட்டத் தசைக்கு உங்கள் உடலை நிமிர்த்திப் பிடிக்கும் வலு இல்லை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரெட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895-ல் விளக்கிய சோதனை இது. இன்றும் இதைவிட எளிதானது எதுவும் இல்லை.

ஒற்றைக் காலில் நிற்கும் அந்தக் கணத்தில் உடலின் எடை மூட்டுக்கு உள்பக்கமாகத் தொலைவில் இறங்குகிறது. தசையோ மூட்டுக்கு வெளியே மிக அருகில் பற்றியிருக்கிறது. அதனால் எடையைவிடப் பல மடங்கு விசையோடு அது இழுத்தால்தான் இடுப்பு நேராக நிற்கும். சாதாரண நடையிலேயே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு சுமை விழுவது இதனால்தான். மெலிந்த தசையால் இது முடியாதபோது, உடம்பு தானாகவே மூட்டின் பக்கம் சாய்ந்து சுமையைக் குறைத்துக்கொள்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. கைத்தடியை எதிர்க் கையில் பிடியுங்கள். வலது இடுப்பில் அறுவை என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற பக்கம் தடியை வைத்தால்தான் தாங்கும் என்று தோன்றும், ஆனால் அது உடலை இன்னும் சாய்க்கும். தடியின் உயரமும் முக்கியம். செருப்பு போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும்.

தடியை எப்போது விடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனையாவது வாரம் என்பதை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள். தடியில்லாமல் சாயாமல் நடக்க முடிகிற தூரம் வரை தடியில்லாமல் நடக்கலாம். சாய ஆரம்பித்த இடத்தில் தடி கைக்கு வர வேண்டும். வீட்டுக்குள் தடியில்லாமலும் வெளியே தடியோடும் சில வாரங்கள் போவது நல்ல ஏற்பாடு. சாய்ந்து சாய்ந்து நடந்த ஒவ்வோர் அடியும் தவறான நடையைப் பழக்கப்படுத்தும் பயிற்சிதான்.

பயிற்சியை எளிதானதிலிருந்து தொடங்குங்கள். படுத்தபடி முழங்காலை மடித்துப் பிட்டத்தை உயர்த்துவது. பிறகு மேசையைப் பிடித்து நின்று அறுவை செய்த காலைப் பக்கவாட்டில் நீட்டுவது. இதில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கால் உயரப் போக வேண்டும் என்ற ஆசையில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அப்படித் திருப்பினால் வேலை முன்தொடைக்குப் போய்விடும். விரல்கள் நேராக முன்னால் பார்க்கட்டும், குதிகால் வழிநடத்தட்டும், ஒரு சாண் விலகினாலே போதும். சரியாகச் செய்தால் வலி தொடையின் முன்புறம் வராது. பிட்டத்தின் பக்கவாட்டில், காற்சட்டைப் பையின் வாய் இருக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், சோர்வு தெரியும். அந்த இடம் களைக்கவில்லை என்றால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், செய்முறையைத் திருத்துங்கள்.

அடுத்த கட்டம் ஒருக்களித்துப் படுத்து மேல் காலை உயர்த்துவது, அதற்கும் அடுத்தது சிறிய படியில் பக்கவாட்டாக ஏறி இறங்குவது. பக்கவாட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தத் தசையையே பிரித்துத் திரும்பத் தைத்திருப்பார்கள். அவர்கள் முதல் ஆறு வாரங்களில் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் காலைப் பக்கவாட்டில் எடையெதிர்த்துத் தூக்கக் கூடாது.

வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒழுங்காகச் செய்தால் மூன்று மாதத்தில் கண்ணாடியில் வேறுபாடு தெரியும். ஓராண்டு வரைகூட முன்னேற்றம் தொடரும். ஆறு மாதம் உழைத்தும் கட்டை விரல் அதே அளவு இறங்குகிறது, தசை இயங்கவே மறுக்கிறது என்றால் தசைநாண் பிரிந்திருக்கிறதா, நரம்பில் குறையா என்று ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம்.

ஒரு கால் நீளமாகிவிட்டது போலிருக்கிறது

பதற வேண்டாம், செருப்பில் அட்டை வைக்கவும் அவசரப்பட வேண்டாம். தேய்ந்த மூட்டில் குருத்தெலும்பு கரைந்து கால் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகியிருந்தது. அதையே இயல்பு என்று உடல் ஏற்றுக்கொண்டிருந்தது. இப்போது பழைய நீளம் திரும்பியிருக்கிறது. மேலும், இறுகிய தசைகள் இடுப்பெலும்பை ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்கும்போது, எலும்பின் நீளம் சமமாக இருந்தாலும் ஒரு கால் நீண்டதாகவே படும். தசை நெகிழ நெகிழ இந்த உணர்வு பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் மறைகிறது. முதல் மாதத்திலேயே குதிகாலை உயர்த்திவிட்டால் அந்தச் சாய்வு நிரந்தரமாக வழி செய்துகொடுத்ததாகும்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் உறுத்தினால் எக்ஸ்ரேயில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் பலருக்கு அது தெரிவதே இல்லை. அதற்கு மேல் இருந்தால் வேறுபாட்டில் பாதியளவுக்கு உயர்த்திப் பார்த்து, பழகிய பிறகு மீதியை யோசிக்கலாம்.

இடுப்பின் வெளிப்பக்கம் வலிக்கிறது, ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை

கையால் தடவினால் தொடையின் மேற்பகுதியில் வெளிப்புறமாக ஒரு எலும்பு மேடு தெரியும். அதை அழுத்தினால் "அதேதான்" என்று சொல்லும்படி வலித்தால், அங்கே பற்றியிருக்கும் தசைநாண்கள் புண்பட்டிருக்கின்றன. தளர்ந்த தசை திடீரென்று அதிக வேலை செய்ததாலும் இது வரும், அறுவையில் பட்ட காயத்தாலும் வரும்.

இதற்கு உதவுவது எதை நிறுத்துகிறீர்கள் என்பதுதான். கால் மேல் கால் போட்டு உட்காருவது, ஒரே காலில் எடையைப் போட்டு இடுப்பைத் தள்ளி நிற்பது, வலிக்கும் இடத்தை இழுத்துவிடுவதாக நினைத்துக் காலைக் குறுக்கே இழுக்கும் பயிற்சி ஆகியவை அந்த நாணை எலும்பு மேட்டின் மேல் நசுக்குகின்றன. மல்லாந்தோ, நல்ல பக்கம் ஒருக்களித்தோ படுங்கள். ஒருக்களிக்கும்போது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளும் தடித்த தலையணை கால்களுக்கு இடையே இருக்கட்டும். முழங்காலுக்கு நடுவே மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கி இடுப்பு திரும்பிவிடும், இரவு முழுவதும் நாண் இழுபட்டுக்கொண்டே இருக்கும். பின்புற அறுவை செய்தவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் இந்தத் தலையணை மூட்டின் பாதுகாப்பும் கூட.

வலி தணிந்தபின், படுத்து முழங்கால்களைச் சுற்றி ஒரு பெல்ட்டைக் கட்டி, அசையாமல் வெளிப்பக்கம் மெல்ல அழுத்தி 30 நொடி பிடியுங்கள். நான்கைந்து முறை போதும்.

காலைத் தூக்கும்போது தொடை இடுக்கில் வலி

கட்டிலில் காலை எடுத்து வைக்கும்போது, காருக்குள் காலைத் தூக்கிப் போடும்போது, படியேறும்போது சுருக்கென்று வலிக்கும். நேராக நடந்தால் இருக்காது. இடுப்பை மடக்கும் தசையின் தொல்லை இது. முதல் மாதங்களில் வந்தால் உங்கள் பயிற்சித் தாளைப் பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தும் பயிற்சி அதில் இருந்தால் அதை நிறுத்துங்கள். அறுவைக்குப் பின் அந்தப் பயிற்சியை நான் யாருக்கும் தருவதில்லை. காலின் முழு எடையும் நீண்ட நெம்புகோலாக அந்த ஒரு தசையின் மேல் விழுகிறது, அதனால் நடைக்குக் கிடைக்கும் பயனும் சொற்பம். கட்டிலில் ஏறும்போது பாதத்துக்கு அடியில் துண்டை வளையமாகப் போட்டுக் கையால் தூக்கிக்கொள்ளுங்கள். சில வாரங்களில் தணியும்.

மாதங்கள் கடந்தும் அதே இடம், அதே அசைவு என்றால், இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்தின் விளிம்பு முன்பக்கம் துருத்திக்கொண்டு தசைநாணை உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேனிலும், நாண் உறையில் மரப்பு ஊசி போட்டு வலி போகிறதா என்ற சோதனையிலும் அது தெரியவரும்.

உட்கார்ந்து எழுந்த முதல் சில அடிகள் மட்டும் தொடை வலிக்கிறது

சிமெண்ட் இல்லாமல் பொருத்திய தண்டைச் சுற்றி எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ள மாதங்கள் ஆகும். தொடையின் நடுவில், எழுந்தவுடன் வலித்து, பத்திருபது அடியில் போய்விடும் இந்த வலி, முதல் ஆண்டில் குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருக்கலாம். எழுவதற்கு முன் உட்கார்ந்தபடியே முழங்காலை சில முறை நீட்டி மடக்கிவிட்டு எழுந்தால் எளிதாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் வலியே இல்லாமல் இருந்துவிட்டுப் புதிதாக இப்படி ஆரம்பித்தால் கதை வேறு. தண்டு தளர்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

நேற்று நன்றாக நடந்தேன், இன்று எழவே முடியவில்லை

சுறுசுறுப்பானவர்களுக்கு வரும் தொல்லை இது. நல்ல நாள் வரும், அன்றைக்கே விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றும். இரண்டு மடங்கு நடப்பார்கள், அடுத்த இரண்டு நாள் கட்டிலில் கிடப்பார்கள். பயந்துபோய் ஒரு வாரம் எதுவும் செய்யமாட்டார்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் நடந்த தூரம் குறைந்திருக்கும்.

மறுநாள் காலை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பயிற்சியின்போது பத்துக்கு நான்கு ஐந்து வரை வலிப்பதில் தவறில்லை. 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவைத் தொடரலாம். மறுநாளும் வலியோ வீக்கமோ கூடுதலாக இருந்தால் அளவு அதிகம். அப்போது முழு ஓய்வு வேண்டாம். இரண்டு நாள் பாதியாகக் குறைத்து, துணி சுற்றிய ஐஸ் பையை 15 நிமிடம் வைத்து, திரும்ப ஏறுங்கள். உங்கள் அடிப்படை அளவை நல்ல நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுமாரான நாளில் எவ்வளவு நடந்தீர்களோ அதிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். ஒரே நடையாக 30 நிமிடம் முடியவில்லை என்றால் 10 நிமிடமாக மூன்று முறை நடப்பதும் அதே பயனைத்தான் தரும்.

நடைக்கும் வலுப் பயிற்சிக்கும் வேறு வேறு நாள் ஒதுக்குவது இன்னும் நல்லது. எந்த வேலை வலியைக் கிளப்பியது என்று அப்போதுதான் தெரியும்.

மரத்துப்போயிருக்கிறது, சத்தம் கேட்கிறது

முன்புற அறுவைக்குப் பின் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவது சாதாரணம். தோலுக்குப் போகும் ஒரு சிறு நரம்பு அங்கே இழுபட்டிருக்கும். அது தசையை இயக்கும் நரம்பு அல்ல என்பதால் நடையைப் பாதிக்காது. மாதங்கள் போகப் போகப் பரப்பு சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும்விடும்.

எப்போதாவது வலியில்லாமல் "டிக்" என்று கேட்டால் விட்டுவிடலாம். செராமிக் மேல் செராமிக் உரசும் மூட்டில் கீச்சென்ற ஒலி சிலருக்கு வரும். ஒலியோடு வலியும் வந்தால், அல்லது மூட்டு பிடியிலிருந்து நழுவுவது போலத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாற்காலியிலிருந்து எழும்போது நல்ல கால்தான் வேலை செய்கிறது

ஆரம்பத்தில் இப்படித்தான் எழச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: விளிம்புக்கு நகர்ந்து, அறுவை செய்த காலை முன்னால் நீட்டி, கைகளால் அழுத்தி எழுவது. இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கக் கூடாது என்பதால், இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருக்கும் நாற்காலி வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். முதல் வாரங்களுக்கு அது சரி. ஆனால் தடை நீங்கிய பிறகும் பழக்கம் நீங்குவதில்லை. ஆறு மாதம் கழித்தும் அந்தக் கால் ஒரு அங்குலம் முன்னாலேயே நிற்கும், எழும்போது உடல் நல்ல பக்கம் ஒதுங்கும். அவர்களுக்கே அது தெரியாது.

எடை பார்க்கும் கருவிகள் இரண்டு கிடைத்தால் ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில் ஒன்றை வைத்து எழுந்து பாருங்கள், யாரையாவது எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தைப் பார்த்ததும் பலர் வாயடைத்துப்போகிறார்கள். பாதங்களை ஒரே கோட்டில் வைத்து, உயரமான இருக்கையிலிருந்து கையூன்றாமல் எழுந்து பழகி, வாரந்தோறும் உயரத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

படிக்கட்டிலும் இதே கணக்குத்தான். ஆரம்பத்தில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கைப்பிடியை இழுக்காமல் அறுவை செய்த காலால் ஒரு படி ஏறி உடலை நிமிர்த்த முடிகிற நாளிலிருந்து காலை மாற்றி மாற்றி ஏறத் தொடங்கலாம்.

குனியவே பயமாக இருக்கிறது

மூட்டு கழன்றுவிடுமோ என்ற பயம் நியாயமானது. விலகல் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் நிகழ்கிறது. ஆனால் அந்தப் பயம் ஓராண்டு கழித்தும் ஒருவரைக் கட்டிப்போடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆபத்து குனிவதில் மட்டும் இல்லை. பின்புற அறுவையில் மூன்று அசைவுகள் சேரும்போதுதான் ஆபத்து: இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்குவது, முழங்கால் உள்பக்கம் வருவது, பாதம் வெளிப்பக்கம் விலகுவது. உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டும்போது, கையை முழங்காலின் வெளிப்புறமாக நீட்டிப் பாதத்தைத் தொட்டால் இம்மூன்றும் ஒன்றாக வந்துவிடும். முழங்காலை வெளிப்பக்கம் விரித்து, இரு கால்களுக்கும் நடுவே கையை விட்டுத் தொட்டால் வராது. அதே குனிதல்தான், ஆனால் மூட்டுக்கு இரண்டும் வேறு வேறு. முன்புற அறுவையில் இது தலைகீழ்: காலைப் பின்னுக்கு நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

மருத்துவர் தடையை நீக்கியபின், எதற்குப் பயமோ அதையே சிறு துண்டாக்கிப் பழகுங்கள். தரையிலிருந்து பொருளை எடுக்கப் பயம் என்றால் முதல் வாரம் முக்காலி மேலிருந்து எடுங்கள், பிறகு அதைவிடத் தாழ்வான பலகையிலிருந்து. தாம்பத்திய உறவைப் பற்றியும் வெட்கப்படாமல் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்தை ஒட்டித் திரும்புகிறார்கள், எந்த நிலை பாதுகாப்பானது என்பது மேலே சொன்ன அதே விதிதான்.

கார் ஓட்டலாமா, விளையாடலாமா?

ஓட்டுவதற்கு ஆறு வாரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வலது காலில் அறுவை என்றால், நிறுத்திய காரில் உட்கார்ந்து பிரேக்கைச் சட்டென்று முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். தயக்கமோ வலியோ இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை. வீரியமான வலி மாத்திரை எடுக்கும்வரை ஓட்டவே கூடாது.

நிலையான சைக்கிளை இருக்கையை உயர்த்தி வைத்து ஆறு வாரத்தை ஒட்டித் தொடங்கலாம். சாலையில் ஓட்டும்போது மிதிப்பதைவிட, காலைச் சுழற்றி ஏறி இறங்குவதில்தான் ஆபத்து. நீச்சலுக்குக் காயம் முழுவதும் ஆறியிருக்க வேண்டும், தவளைபோலக் காலை விரித்து உதைக்கும் நீச்சலை மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். விறுவிறு நடை, கோல்ஃப், இரட்டையர் டென்னிஸ் வரை பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஓட்டத்தையும் குதித்து ஆடும் ஆட்டங்களையும் பற்றி அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் இடுப்பு அறுவை செய்துகொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றார். பலர் இதை என்னிடம் சொல்லிக் காட்டுகிறார்கள். அவருக்குச் செய்தது தொடையெலும்பின் தலையை நீக்காமல் அதன் மேல் உலோக உறை போடும் அறுவை என்பதையும், உடலைப் பேணுவதே அவருடைய முழுநேரத் தொழிலாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நம்பிக்கைக்கு அவரை வைத்துக்கொள்ளுங்கள், கால அட்டவணைக்கு வேண்டாம். ஆட்டத்துக்குத் திரும்பும் முன் நான் பார்ப்பது இதைத்தான்: அறுவை செய்த காலில் 30 நொடி இடுப்பு இறங்காமல் நிற்க முடிகிறதா, சாயாமல் அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிகிறதா, மறுநாள் காலை வலியில்லாமல் எழ முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் களத்துக்குப் போகலாம்.

பல ஆண்டுகள் கழித்துப் புதிதாக வலி

பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1960-களில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்தோடு செயற்கை மூட்டுகளைப் பொருத்தத் தொடங்கிய காலத்திலிருந்தே தேய்மானம் ஒரு கவலை. தேய்ந்து உதிரும் நுண்துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரித்துவிடும். 1990-களின் இறுதியில் வந்த வலுவூட்டிய பாலிஎத்திலீன் அதைப் பெரிதும் குறைத்துவிட்டது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, தேசியப் பதிவேடுகளின் அடிப்படையில், 25 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ 58 சதவிகித இடுப்பு மூட்டுகள் மாற்றப்படாமல் நிலைத்திருப்பதாகக் கணக்கிட்டது. அவை பழைய தலைமுறை மூட்டுகள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனாலும் நன்றாக இருந்த இடுப்பில் புதிதாக வலி வந்தால் வயதின் மேல் பழிபோடாதீர்கள். எலும்பு அரிப்பு முற்றும்வரை வலிக்காமலே இருப்பதும் உண்டு. உடலின் வேறிடத்துத் தொற்று ரத்தத்தின் வழியே மூட்டுக்கு வந்து சேர்வதும் உண்டு. எக்ஸ்ரேயும், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் முதல் படி. ஒரு எக்ஸ்ரேயை மட்டும் தனியாகப் பார்த்தால் தண்டு இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது, பழைய படத்தின் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அதனால் அறுவை முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்ரேயையும், பொருத்திய மூட்டின் பெயரும் அளவும் ஒட்டியிருக்கும் அட்டையையும் பத்திரப்படுத்தி, மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.